இருபது கட்டில், இருபத்தொரு பேர்

"எத்தனை கட்டில்னு போட்டிருக்கான்?" என்று மாமா கேட்டார்.

"இருபது."

"நாம எத்தனை பேரு?"

"இருபத்தொண்ணு."

"அப்போ இதுதான் நம்ம வீடு. புக் பண்ணிடு."

அவள் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்தாள். மாமா விளையாடுகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் பேசும் பத்து வார்த்தையில் ஒன்பது விளையாட்டாகத்தான் இருக்கும். ஆனால் அன்று முகத்தில் சிரிப்பைக் காணோம். அப்போதுதான் வெட்டிய சாவியொன்றை வெளிச்சத்தில் பிடித்து, அதன் பற்களை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆளுக்கு இடமில்லையே மாமா."

"அதுக்குத்தானே சொல்றேன். அந்த ஒரு ஆள் நான்தான்."

இந்தப் பேச்சு நடந்தது மாமாவின் சாவிக் கடையில். வணிக வளாகம் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில், கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படும் ஓர் இடுக்குதான் கடை. சுவரெல்லாம் வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். நடுவில் சாவி வெட்டும் மெஷின். வருகிறவர்கள் உட்கார ஒரே ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்துதான் அவள் தீம் பார்க் ரிசார்ட்டின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மாமா அவள் அம்மாவுக்குத் தம்பி. அக்கா தங்கை, மருமகன் மருமகள், பேரன் பேத்தி என்று மொத்தக் குடும்பமும் சேர்ந்து இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரி தீம் பார்க் போவதென்று பெரியம்மா முடிவெடுத்திருந்தாள். பெரியம்மா முடிவெடுத்தால் எடுத்ததுதான். தங்குமிடம் பார்க்கும் வேலையை இவள் தலையில் கட்டியதும் பெரியம்மாதான். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று படித்தவள் இவள். அந்த இன்னொரு மொழியில் எது வந்தாலும், அது மிக்ஸிக்கு வந்த உத்தரவாதச் சீட்டானாலும் சரி, நேரே இவள் மடியில்தான் வந்து விழும்.

ரிசார்ட்டில் தங்க மூன்று வழி இருந்தது. பதினோரு மாடி ஹோட்டலில் நாலு பேருக்கு ஓர் அறை. ஏரிக்கரையில் கூடாரங்கள். மூன்றாவது, கப்பல் வடிவத்தில் கட்டிய ஒரு பெரிய வீடு. மேல்தளத்தில் பத்து, கீழ்த்தளத்தில் பத்து என்று அடுக்குக் கட்டில்கள், நாலு குளியலறை. குழந்தைகள் கப்பலைப் பார்த்ததும் துள்ளினார்கள். பெரியம்மாவுக்கும் அதுதான் பிடித்தது. எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே.

"நேராவே கேட்டுடலாமே மாமா," என்றாள். "எனக்குத் தனி ரூம் வேணும்னு."

"கேட்டா என்ன ஆகும்? நீயே சொல்லு."

"பெரியம்மா அழுவாங்க."

"அழறது அப்புறம். முதல்ல விசாரணைக் கமிஷன். யாரு என்ன சொன்னா, எப்ப சொன்னா, எந்த முகத்தை வச்சுக்கிட்டு சொன்னா. நம்ம வீட்ல தனியாப் படுக்கிறவன் கோவிச்சுக்கிட்டவன். தெரியாதா உனக்கு?"

தெரியும். அந்தக் குடும்பத்தின் எழுதாத சட்டம் அது. எங்கே கூடினாலும் வரிசையாகப் பாய் விரித்து ஒன்றாகப் படுத்தாக வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில், முதுகுவலி தாங்காமல் பெரிய மாமா பக்கத்து லாட்ஜில் போய்ப் படுத்தார். அவர் முதுகு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பேச்சுவார்த்தை சரியாக இரண்டரை வருஷம் ஆனது.

"அதனால யாரும் கேட்கக் கூடாது, யாரும் கொடுக்கவும் கூடாது. கணக்கு பிசகின மாதிரி ஒரு ஆள் மிச்சம் விழணும். நான் பெரிய தியாகி மாதிரி, சரி விடுங்க நான் போறேன்னு சொல்லிடுவேன்." மாமா குரலைத் தாழ்த்தினார். "தனி ரூம் ஏதாவது பக்கத்துல இருக்கா, பாரு."

இருந்தது. கப்பல் வீட்டை ஒட்டியே, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காகக் கட்டிய ஒற்றை அறை. அகலமான கதவு. உள்ளேயே குளியலறை. அவள் படித்துச் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கை ஷவர் இருக்கா?"

"இருக்கு."

"பக்கத்துல சாமான் வைக்கிற மாதிரி தட்டு?"

"இருக்கு மாமா. படத்துல தெரியுது."

அப்போது அவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சாவி எதுவும் மாட்டாமலே மெஷினைப் போட்டார். அது சும்மா சுற்றிக் கத்தியது. அவள் தலையைக் குனிந்து கைப்பேசியைப் பார்த்தாள்.

அந்தச் சத்தம் என்னவென்று குடும்பத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஏழு மாதம் முன்பு மாமாவின் குடலில் ஒரு கட்டி வந்து, வெட்டி எடுத்தார்கள். வயிற்றில் இடப்பக்கமாக ஒரு துளை போட்டு, கழிவு வந்து சேர அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். இனி அதுதான் வழி, ஆயுசுக்கும். பை நிறைந்தால் கசியும், அதற்குள் தனியாக ஒரு குளியலறையில் கழற்றிக் கழுவி மாற்ற வேண்டும். காற்றும் சத்தமும் அவரைக் கேட்டுக்கொண்டு வராது. மருத்துவமனைத் தாள்கள் அந்த இன்னொரு மொழியில் இருந்ததால் அவளைக் கூப்பிட்டார். ஒவ்வொரு வரியாக அவள் படித்து அர்த்தம் சொன்னாள். உறவினர் கையெழுத்து என்ற இடத்தில் அவளே கையெழுத்தும் போட்டாள். அத்தை இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி வைத்தார்கள்.

"யாருக்கும் தெரிய வேணாம்" என்று அன்று சொன்னார். "தெரிஞ்சா என் ஜோக்குக்கு எவனும் சிரிக்க மாட்டான். பாவம்னு பார்ப்பான்."

அதற்குப் பிறகு வீட்டு விசேஷங்களில் மாமா முன்னைவிட சத்தமாகப் பேசினார், தட்டில் தாளம் போட்டார், குழந்தைகளைக் கத்த விட்டார். ஆளே மாறிட்டான், என்னா குஷி பாரு என்று பெரியம்மா பூரித்துப்போனாள். எதை மூடுவதற்காக அந்தக் குஷி என்று இவளுக்குத் தெரியும். தெரிந்ததை மனசோடு வைத்துக்கொள்வது அவளுக்குக் கஷ்டமில்லை. அவள் சுபாவமே அப்படி. மாமா அவளுக்கு வைத்த பெயர் சைலன்சர்.

மாமாவிடம் இன்னொரு பழக்கம் உண்டு. சாவியைத் தொலைத்துவிட்டு வெளியே நிற்கிறவர்கள் கூப்பிட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து கொடுப்பார். பூட்டு விடுபட்ட சத்தம் கேட்டதும் கதவைத் தள்ள மாட்டார். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, "ம், போங்க" என்பார். முப்பது வருஷத்தில் எத்தனையோ வீட்டைத் திறந்திருக்கிறார். ஒரு வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை.

அவள் கப்பல் வீட்டையும் ஒற்றை அறையையும் பதிவு செய்தாள். தீம் பார்க் திறந்திருக்கும் நேரத்தைப் பற்றிக் கவலையில்லை. சக்கர நாற்காலிக்காரர்களுக்கான கழிப்பறைகள் எங்கெங்கே என்று வரைபடத்தில் பார்த்து மாமாவுக்குக் குறித்துக் கொடுத்திருந்தாள். சாயங்காலம் பூட்டினால் மறுநாள் ஒன்பது மணிக்குத்தான் பார்க்கைத் திறப்பார்கள். இடைப்பட்ட நேரத்துக்குத்தான் அந்த அறை. கப்பல் வீட்டுக் குளியலறைகளில் தட்டும் இல்லை, கை ஷவரும் இல்லை, சத்தமும் வாடையும் கட்டில்வரை வரும்.

போய் இறங்கிய அன்று, பெட்டிகளெல்லாம் கூடத்தில் குவிந்து கிடக்க, அவள் ஒத்திகை பார்த்தபடி சொன்னாள்:

"பெரியம்மா, ஒரு சின்னத் தப்பு நடந்துடுச்சு. இங்க இருபது கட்டில்தான். ஒரு ஆளுக்குப் பக்கத்து ரூம் போட்டிருக்கேன்."

"படிச்சவ கணக்கைப் பாரு" என்றான் பெரியம்மாவின் மகன். எல்லாரும் சிரித்தார்கள்.

மாமா கையைத் தூக்கினார். "விடுங்க, விடுங்க. பொண்ணைத் திட்டாதீங்க. நானே போய்த் தொலையறேன்."

அதுவரைக்கும் எல்லாம் சொல்லி வைத்தபடியே நடந்தது. பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏண்டா, யார் மேல கோவம்?"

"கோவமா? எனக்கா? பெரியக்கா, நான் விடற குறட்டைக்கு இந்தக் கப்பல் முழுகிடும். உங்க எல்லார் உயிரையும் காப்பாத்தறேன்."

"முழுகினா முழுகட்டும். வருஷம் முந்நூத்தறுபத்தஞ்சு நாளும் தனியாத்தானேடா படுத்துக் கிடக்கறே? இங்க வந்துமா? என் தம்பியைத் தனியாப் படுக்க வச்சுட்டு எனக்குத் தூக்கம் வருமா?"

பெரியம்மாவின் கண் கலங்கிவிட்டது. அவள் அழுதால் அம்மாவும் அழுவாள். அம்மா அழுதால் மற்றவர்கள் காரணம் கேட்பார்கள். மாமா இன்னொரு தடவை கேட்டால் அது கோபம் என்றாகிவிடும். அவர் கை தானாகக் கீழே இறங்கியது. வெறுப்பால் மறுத்திருந்தால் சண்டை போட்டாவது வாங்கியிருக்கலாம். இது பாசம். இதை என்ன செய்வது?

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். பார்வை இவள்மேல் வந்து நின்றது.

"சைலன்சருக்குக் கொடுத்துடலாம். இந்தக் கும்மாளம் அவளுக்கு ஆகாது. அலைஞ்சு திரிஞ்சு இடம் பார்த்ததும் அவதானே. அவ தனியாப் படுத்தா எவனும் கோவம்னு சொல்ல மாட்டான், அவ எப்பவுமே அப்படித்தான். என்னடி, சரியா?"

மாமா அவளைப் பார்த்தார். அவசரமில்லாத பார்வை. இவள் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான். எனக்குத் தனியா பயமா இருக்கும் பெரியம்மா, மாமாவே போகட்டும். அதைச் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த ஒரு நொடியில் அவளுக்குள் ஒன்று துள்ளியது. பிறந்ததிலிருந்து இரண்டு அக்காமார்களோடு ஒரே படுக்கை. கல்லூரி விடுதியில் நாலு பேர். எங்கேயும் தனக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. கேட்காமலே, யார் மனமும் நோகாமல், தானாக வந்து விழுகிறது. அந்தத் துள்ளலை அடக்கிவிட்டுப் பேசலாம் என்று நினைப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"சரி பெரியம்மா."

எல்லாரும் கைதட்டினார்கள். மாமாவும் தட்டினார்.

சாயங்காலம் கூட்டம் ஏரிப் பக்கம் போனபோது, அறையின் இன்னொரு அட்டைச் சாவியை அவர் கையில் திணித்தாள். "மாமா, விடியக்காலை அஞ்சு மணிக்கு வந்துடுங்க. யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. நான் வெளிய வந்து உட்கார்ந்துக்கறேன். தாழ்ப்பாள் போட மாட்டேன்."

மாமா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குப் பேரு சாவியா? பல்லும் இல்ல, வயசும் தெரியல. என் பொழப்புல மண்ணைப் போட வந்தது இதுதானா?" பிறகு அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். "அஞ்சு மணி. அதுவரைக்கும் தாங்கும்."

அன்று படுக்கப் போகும்போது அவள் கதவைச் சாத்தினாள். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு அது. ஆனாலும் உள்பக்கம் பளபளவென்று ஒரு தாழ்ப்பாள் இருந்தது. பூட்டிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. தன் கதவைத் தானே பூட்டும்போது எப்படிச் சத்தம் கேட்கும் என்று தெரிந்துகொள்ள. போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள். அப்புறம் எடுத்துவிடலாம் என்று கட்டிலில் சாய்ந்தாள். கைப்பேசியின் சத்தத்தை அணைத்தாள்.

விழித்தபோது ஏழரை. அப்படி ஒரு தூக்கம் அவள் வாழ்நாளில் தூங்கியதில்லை.

கைப்பேசியில் மாமாவிடமிருந்து மூன்று அழைப்புகள். ஐந்து பத்து. ஐந்து பன்னிரண்டு. ஐந்து முப்பத்தொன்று. கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

நடந்தது என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அட்டையைக் காட்டியதும் பச்சை விளக்கு எரிந்திருக்கும். பிடி திரும்பியிருக்கும். கதவு மட்டும் அசைந்திருக்காது. ஊரில் உள்ள கதவையெல்லாம் திறந்துவிட்ட மனிதர், ஒரு கையில் மாற்றுப் பை வைத்த சின்னப் பெட்டியோடு, மறு கையால் வயிற்றைப் பிடித்தபடி இருபது நிமிஷம் அங்கே நின்றிருக்கிறார். தட்டியிருந்தால் கேட்டிருக்கும். ஆனால் பலமாகத் தட்டினால் கப்பலே விழித்துக்கொள்ளும்.

அவள் முகம்கூடக் கழுவாமல் ஓடினாள். காலை உணவுக் கூடத்துக்கு முன்னால் ஒரே ஆரவாரம். குழந்தைகள் கைகொட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கூடத்து வாசலில், திமிங்கிலச் சிலை வாய் வழியாகத் தண்ணீர் கொட்டும் நீரூற்று ஒன்று இருந்தது. அதற்கு அடியில், போட்ட சட்டை பேன்ட்டோடு, செருப்போடு, மாமா நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் தலையிலிருந்து கால்வரை வழிந்தது. இரண்டு கையையும் விரித்து ஆடினார்.

"டேய், உனக்குப் பைத்தியமாடா? ஜலதோஷம் பிடிக்கும்டா!" பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பெரியக்கா, கப்பல்ல வந்தவன் நனையாம போனா என்ன மரியாதை?"

"மாமா இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று குழந்தைகள் குதித்தார்கள். பெரியம்மா மகன் வீடியோ எடுத்தான். அந்த வீடியோ இன்னும் குடும்பத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லையென்றால் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. எதைக் கழுவுவதற்காக அவர் அங்கே நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். சட்டையின் இடப்பக்கத்தை ஒரு கையால் அமுக்கிக்கொண்டே அவர் ஆடியதை அவள் மட்டும்தான் பார்த்தாள்.

சொட்டச் சொட்ட அவளைக் கடந்து போனபோது மாமா நின்றார். "நல்லாத் தூங்கினியா, சைலன்சர்?"

குத்தலே இல்லை அந்தக் குரலில். குத்தல் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பாள்.

"தூங்கினேன் மாமா" என்றாள்.

அன்றைக்கே அறையை மாமாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தாள். அதற்குள் பெரியம்மா இன்னொரு சட்டம் போட்டிருந்தாள். நாலு குளியலறைக்கு இருபது பேர் வரிசையில் நிற்பதைப் பார்த்து, "சைலன்சர் ரூம் பாத்ரூம் இனிமே பொம்பளைங்களுக்கு" என்று அறிவித்துவிட்டாள். அம்மாவும் அக்காமார்களும் துண்டும் சோப்புமாக வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். மாமா கால் வைக்க வழியில்லை.

அன்று மத்தியானத்திலிருந்து மாமா எதுவும் சாப்பிடவில்லை. "பல் வலி" என்றார். "பல்லில்லாத சாவியைப் பையில வச்ச தோஷம், எனக்கு ஒட்டிக்கிச்சு." எல்லாரும் சிரித்தார்கள். ராச்சாப்பாட்டுக்குப் பெரியம்மா கஞ்சியாவது குடி என்று கெஞ்சினாள். வேண்டாம் என்று கையாட்டினார். உள்ளே எதுவும் போகாவிட்டால் வெளியே எதுவும் வராது. இருபது பேர் சாப்பிட்ட மேஜையில் அவர் வெறும் தம்ளரை உருட்டியபடி கதை சொன்னார். அவள் எதிரே உட்கார்ந்து, தன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள்.

மறுநாள் விடியும்போது அவள் கதவில் செருப்பைச் சொருகித் திறந்து வைத்துவிட்டு வெளிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து அடித்தது. ஐந்தரை ஆனது. ஆறு மணிக்குப் பெரியம்மா துண்டோடு வந்தாள். "என்னடி, உனக்கும் பல் வலியா?"

மாமா வரவில்லை.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் குழந்தைகள் ஆளுக்கொரு மடியில் சுருண்டு கிடந்தன. அவள் கடைசி இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மாமா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அட்டைச் சாவியை நீட்டினார்.

"இதைத் திருப்பிக் கொடுக்க மறந்துட்டேன். பாரு, உன்னையும் திருடியாக்கிட்டேன்."

"மாமா, நான் அன்னைக்கு…"

"விடு."

"இல்ல மாமா, தாழ்ப்பாள்…"

"விடுன்னா விடு. புது ரூம்ல எல்லாரும் ஒரு தடவை போட்டுப் பார்க்கத்தான் செய்வாங்க. என் கடைக்கு வர்றவன் பாதிப் பேரு அப்படித்தான் வர்றான்."

தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன் என்று அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவுமில்லை. இன்னும் ஒன்றைத்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. மறந்துபோய் அல்ல, ஆசைப்பட்டுத்தான் அந்த அறையை வாங்கிக்கொண்டேன் என்று. நாக்கின் நுனிவரைக்கும் வந்தது. பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அது உள்ளேயே போய்விட்டது.

மாமாவுக்கு இரண்டு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் தூங்குகிறவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"சைலன்சர், ஒண்ணு கேட்கட்டுமா? நான் யார் வீட்டுக்குள்ளயும் எட்டிப் பார்த்தவன் இல்ல. அந்த பாத்ரூமை மட்டும் கொஞ்சம் சொல்லேன். தட்டு எந்தப் பக்கம் இருந்துச்சு, ஷவர் கைக்கு எட்டுச்சா, எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லு. நான் கண்ணை மூடிக்கறேன்."